ஹைஃபன் இடம் மாறினால் பிள்ளையைக் காணேல்லை

இந்தக் கிழமை எபிசோட்டில் நேரம் போதாமல் பாதியில் விட்ட கதையை இங்கே முழுசாச் சொல்லுறன்.

2019 கடைசி. லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான்தான் சர்வர் பார்த்தனான். ஒரு அம்மா லாகின் பண்ண, "இந்த ஈமெயில் பதிவில் இல்லை" எண்டு வந்தது. வேலைக்குப் போற அவசரத்தில் அவ புதுசாப் பதிஞ்சிட்டா. பழைய பதிவில் பிள்ளைக்குக் கச்சான் அலர்ஜி எண்டு இருந்தது, புதுசில் இல்லை. டீச்சருக்குப் பிள்ளையைத் தெரிஞ்சபடியால் தப்பினம்.

எனக்கு விளங்காதது இதுதான்: ஈமெயிலுக்கு யுனிக் கட்டுப்பாடு போட்டிருந்தன். ஒரே ஈமெயில் ரெண்டு தரம் எப்படி உள்ளே போகும்?

இண்டெக்ஸைத் தொடாதே எண்டு போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லி அதே குவெரியை ஓட்டினன். ரெண்டு வரி வந்தது. இண்டெக்ஸோட ஓட்டினால் ஒண்டுதான். அப்ப டேபிள் சரி, இண்டெக்ஸ்தான் பிழை. போஸ்ட்கிரெஸ் வெர்ஷனை நான் மாற்றவே இல்லை. மாற்றினது கீழே இருந்த டெபியனை, 9இல் இருந்து 10க்கு. டேட்டா ஃபோல்டர் அப்படியே இருந்தது.

இண்டெக்ஸ் ஒரு அகராதி மாதிரி. 'அக்கா' முதலா, 'அகம்' முதலா? தமிழ் அகராதியில் புள்ளி வைத்த எழுத்து முந்தும், அதால் 'அக்கா' முதல். யூனிகோட் எண் வரிசையில் புள்ளி பிந்தும், அதால் 'அகம்' முதல். ஒரு ஒழுங்கில் அச்சடிச்ச புத்தகத்தை மற்ற ஒழுங்கில் தேடினால், சொல் உள்ளே இருந்தும் "இல்லை" எண்டுதான் சொல்லுவீங்கள்.

இந்த ஒழுங்கை போஸ்ட்கிரெஸ் தானாக முடிவெடுக்கிறதில்லை. வழக்கமாக லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திட்டக் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28, வரிசை அட்டவணையைப் புது ஐஎஸ்ஓ 14651க்கு ஏற்ப மாற்றியது. ஆங்கில லோகேலில் முந்தி "11"க்குப் பிறகுதான் "1-1" வரும். இப்ப "1-1" முன்னுக்கு. டெபியன் 10இல் இருந்தது அந்த 2.28தான். அந்த அம்மாவின் ஈமெயிலில் ஒரு ஹைஃபன்.

திருத்தம் சின்னது. பேக்கப் எடுத்து, ஆம்செக் கருவியால் எந்த இண்டெக்ஸ் உடைஞ்சது எண்டு பார்த்து, ரீஇண்டெக்ஸ். ஆனால் இரட்டைப் பதிவு இருந்தால் யுனிக் இண்டெக்ஸ் திரும்பக் கட்ட மறுக்கும். அதுகளைக் கையால் ஒண்டாக்கத்தான் ஒரு முழுப் பின்னேரம் போனது.

பிழை ஆரிலை? ஜிலிப்சி செய்தது சரியான திருத்தம் எண்டுதான் நான் சொல்லுவன். வெளியாள் ஒருத்தரின் ஒழுங்கை நம்பிக்கொண்டு, அது எந்த வெர்ஷன் எண்டுகூடக் குறிச்சு வைக்காத போஸ்ட்கிரெஸ் மேலதான் எனக்குக் கோபம். பதிப்பு 13இல் ஜிலிப்சி வெர்ஷனையும் குறிக்கத் தொடங்கினது. 15இல் டேட்டாபேஸ் மட்டத்திலேயே ஒப்பிட்டு எச்சரிக்கும். 17இல் ஓஎஸ்ஸை நம்பாத சொந்த வரிசையும் இருக்கு. டாக்கரில் டெபியன் இமேஜை விட்டு ஆல்பைனுக்கு மாறுற ஆக்களுக்கும் இதே பொறிதான்.

அந்த எச்சரிக்கை வந்தால் வெர்ஷன் நம்பரை மட்டும் ரிஃப்ரெஷ் பண்ணி வாயை அடைச்சுப்போடாதேங்கோ. முதல் ரீஇண்டெக்ஸ், பிறகு ரிஃப்ரெஷ்.