உள்ளே விட்ட துணி

தைத்த உடையைப் பிரித்து வேறொன்றாக்கும் வேலை முழுவதற்கும் சென்னையில் ஆல்டரேஷன் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது; இடுப்பைப் பிடிப்பது, பக்கத் தையலைப் பிரித்துவிடுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது போன்ற சிறு திருத்தங்களும், புடவை பாவாடையாகவும் அப்பாவின் சட்டை குழந்தையின் கவுனாகவும் ஆகிற பெரிய மாற்றங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு உருவாக்கிய கே.கே. நகரில், முனுசாமி சாலை, பி.டி. ராஜன் சாலை போன்ற கடைவீதிகளையும் அவற்றின் பக்கத்துத் தெருக்களையும் நம்பி இந்த வேலை நடைபெறுகிறது. மிதி மெஷின், முக்காலி, நூல்கண்டுகள் நிறைந்த ஒரு டப்பா ஆகியவையே இங்குள்ள தையற்காரர் பலருக்கு முழுக் கடை. புதுத்துணி குவிந்து கிடக்கும் தியாகராய நகர் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்க, அங்கே வாங்கியதை உடலுக்குப் பொருத்துவதும், பொருந்தாமற் போனதை மீண்டும் பயன்பட வைப்பதும் இவர்கள் கையில் இருக்கின்றன.

தையலைக் குறிக்கத் துன்னம், துன்னல் என்ற சொற்கள் பண்டைத் தமிழில் வழங்கின. புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் தையற்காரரைத் துன்னகாரர் என்று குறிப்பிடுகிறது. பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் பரிசில் பெற்ற கலைஞன் தான் முன்பு உடுத்தியிருந்த கந்தையை விவரிக்கும்போது, வேற்று நூல் நுழைந்து தைக்கப்பட்டிருந்த அதன் நிலையையும் சொல்கிறான். நைந்த இடத்தில் புதிய நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி இழை சேர்ப்பதற்கு இன்றைய பெயர் டார்னிங். அந்தப் பாட்டில் ஒட்டுத் தையல் வறுமையின் அடையாளமாகவே வருகிறது. தைத்துப் போட்ட துணியை வறுமையோடு சேர்த்துப் பார்க்கும் அந்தப் பார்வை இன்னும் நீங்காமலிருப்பதே நல்ல துணி பலவும் குப்பைக்குப் போவதற்கு ஒரு காரணம் எனலாம்.

தையலே இடாத ஆடையின் கதை வேறு. புடவையும் வேட்டியும் வெட்டப்படாதவை என்பதால், உடுத்தும் காலம் முடிந்த பிறகும் அவை முழுத் துணியாகவே, ஒன்பது கஜப் புடவையானால் எட்டு மீட்டருக்கு மேலாகவே, எஞ்சுகின்றன. துவைத்துத் துவைத்து மென்மையான நூல் புடவை தூளியாகிறது, பச்சைக் குழந்தைக்கு விரிப்பாகிறது. வேட்டி தலையணை உறையாகி, கைத்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாக முடிகிறது. வங்காளத்தின் காந்தா இதே வழக்கத்தின் மற்றொரு வடிவம்: அங்கே பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய நூலைக் கொண்டு போர்வையாகத் தைத்தார்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் துணி சிறிதாகிக்கொண்டே போவதால், கத்தரிக்கோலை எவ்வளவு தாமதமாக எடுக்கிறோமோ அவ்வளவுக்குத் துணியின் ஆயுள் நீள்கிறது.

தைத்த உடையில் இந்தத் தாராளம் கிடையாது. தைத்தவர் உள்ளே எவ்வளவு துணி விட்டார் என்பதைப் பொறுத்தே அதன் மறுவாழ்வு அமைகிறது. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தால், பக்கத் தையல் ஒன்றாக இல்லாமல் இரண்டு மூன்று வரிகளாக ஓடுவதைக் காணலாம். அணிபவரின் உடல் பெருத்தால் உள்வரி ஒன்றைப் பிரித்தால் போதும்; வரிகளுக்கிடையே கால் அங்குலம் இருக்குமானால், இரு பக்கமும் ஒவ்வொரு வரி பிரிக்கும்போது சுற்றளவில் ஓர் அங்குலம் கிடைக்கிறது. தைக்கும் நாளிலேயே பத்து ஆண்டுகளுக்குப் பிந்தைய உடம்பையும் எண்ணிப் பார்த்த தையல் இது. தமிழ்நாட்டுத் தையற்கலையின் மிக நுட்பமான சிந்தனைகளில் ஒன்றாக இதைக் கருதலாம். ரெடிமேட் உடைகளிலோ ஓவர்லாக் மெஷின் விளிம்பை அறுத்தபடியே தைத்துச் செல்வதால் உள்ளே அரை அங்குலத்துக்கு மேல் எஞ்சுவது அரிது. அத்தகைய உடையைச் சிறிதாக்கலாம், பெரிதாக்க இயலாது. பெரிதாக்கியே தீர வேண்டுமானால் பக்கத் தையலைப் பிரித்து வேறு துணியில் பட்டை கொடுப்பது ஒன்றே வழி.

இந்த வேலைக்கு வேண்டிய தையல் எளியது. தையல் மெஷினில் ஊசி வழியே வரும் மேல்நூலும், பாபின் என்னும் சிறு உருளையிலிருந்து வரும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஆகவே ஒரு பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்க நூலை இழுத்தால் துணிக்குச் சேதமில்லாமல் முழுத் தையலும் பிரிந்துவிடும். பட்டுக்கு 11-ஆம் எண், பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று ஊசியை மாற்றிக்கொள்வது அவசியம். மெஷின் இல்லாத வீட்டிலும் நெருக்கமான கைத்தையலால் பை, உறை போன்றவற்றைத் தைத்துவிடலாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்துக்குப் பின் துணிப்பைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. கிழிந்த ஜீன்ஸின் கால்பகுதி ஒன்று, கீழே மூடித் தைத்து மேலே கைப்பிடி வைத்தால், புதுத்துணியில் தைத்த பையைவிட நெடுங்காலம் உழைக்கும்.

சட்டை முதலில் நைவது காலர் மடிப்பில். முன்பெல்லாம் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகுமாறு திருப்பித் தைத்துச் சட்டையை மேலும் சில ஆண்டுகள் அணிந்தார்கள். ஒரு கிலோ பருத்தித் துணியின் பின்னே, உலகச் சராசரியாக, ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கை எண்ணினால், அந்த ஒரு மணிநேர வேலை சிக்கனத்தையும் கடந்த ஒன்றாகத் தெரியும். பாலியஸ்டர் கலந்த துணிக்கு இக்கவனம் இன்னும் தேவை; பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ குப்பையோடு போய்ச் சேர்ந்தால் அது எளிதில் மக்குவதில்லை.

பட்டுப் புடவைதான் அதிகத் தயக்கத்தோடு அணுகப்படுவது. ஜரிகைக்காகப் பழைய பட்டை எடைபோட்டு வாங்குவோர் உண்டு. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது என்பதால் அந்த வெள்ளிக்கே விலை, பட்டுக்கு அன்று. நெய்தவரின் உழைப்பு முழுவதும் அழிந்து சில கிராம் உலோகம் மட்டும் மிஞ்சும் அந்த வழிக்குப் போகுமுன், புடவையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பது நல்லது. மடித்து வைத்த கோடுகளிலும், ஊக்கு குத்திய தோள்பகுதியிலும், தரையில் உரசிய கீழ்க்கரையிலும் பட்டு விட்டிருக்கும். ஆனால் இடுப்பில் செருகும் உட்பகுதி வெயில் படாததால் நிறம் மாறாமல் இருப்பதுண்டு. இருபுறமும் மெல்ல இழுக்கும்போது இழை விலகாத இடங்களை மட்டும் தேர்ந்து, மென்மையான பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்தால் சிறுமிக்குப் பாவாடை கிடைக்கும். புடவையின் அகலம் பாவாடையின் நீளமாகிறது, கரை கீழே அமைகிறது, புடவையின் நீளத்தில் இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் சுருக்கிப் பட்டையில் சேர்க்கப்படுகிறது.

மிஞ்சும் உயரத்தை வெட்டாமல் டக் பிடிப்பது, அதாவது கரைக்கு மேலே கிடைவாட்டில் மடித்துத் தைப்பது, தமிழ்நாட்டு வீடுகளின் பழைய வழக்கம். ஒன்றரை அங்குல டக் ஒன்றைப் பிரித்தால் மூன்று அங்குலம் இறங்கும் என்பதால், இரண்டு டக் வைத்த பாவாடை பெண் குழந்தையோடு சேர்ந்து சில ஆண்டுகள் வளரும். பிரித்த இடத்தில் பழைய அடர்நிறம் ஒரு கோடாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய ஜரிகைப் பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள்.