கண் வைத்தியரும் ஒரு முழத் தூரமும்

சீனாவின் வூஹான் மத்திய வைத்தியசாலையில் பணியாற்றிய கண் வைத்தியர் லீ வென்லியாங் 2020 பெப்ரவரி 7 அன்று, 33 வயதில், கொரோனாவால் இறந்தார். புதிய நோயொன்று பரவுவதாகச் சக வைத்தியர்களை முன்கூட்டியே எச்சரித்தவர் என்றுதான் உலகம் அவரை அறியும். அவருக்கு நோய் எப்படித் தொற்றியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஒருவரிடமிருந்து தொற்றியது. வந்தவருக்கு அப்போது காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அதே கண் பிரிவின் வேறு இரு வைத்தியர்கள் மார்ச்சில் இறந்தார்கள்.

நாடியை வைத்து நெற்றியை முட்டி

சண்டிலிப்பாயிலிருந்து காரைநகர் வீதி பஸ்ஸில் யாழ். போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போய் வருபவர்களுக்குக் கண்ணைப் பரிசோதிக்கும் அந்தக் கருவி பழக்கமானது. நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எதிரே வைத்தியரின் முகம் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில். நோயாளியின் மூச்சுக்கு நேரெதிரே இப்படி நாள் முழுதும் இருக்க வேண்டியவர் கண் வைத்தியர்.

இடையில் தொங்கவிடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்பு உதவும். ஆனால் முகக்கவசம் செய்யும் வேலையை அது செய்யாது. இருவரும் முகக்கவசம் அணியத்தான் வேண்டும். நோயாளியின் மூச்சு மேற்பக்கத்தால் கசிந்து கண்ணாடி வில்லையில் புகைபடியும் என்பதால், முகக்கவசத்தின் மேல் விளிம்பை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். கருவியில் இருக்கும்போது இருவருமே கதைக்காமலிருப்பதுதான் செலவில்லாத பாதுகாப்பு. வருத்தத்தின் கதையைக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு சொல்லலாம், வைத்தியர் கோபிக்கமாட்டார்.

மதுசாரம் போதாத இடம்

கொரோனாவால் கைக்குத் தொற்றுநீக்கி பூசும் பழக்கம் எல்லாருக்கும் வந்தது. கண்நோய்க்கு அதை மட்டும் நம்ப முடியாது. கண் சிவந்து பீளை தள்ளவைக்கும் அடினோ வைரசுக்கு வெளிக் கொழுப்புறை இல்லை. அதனால் மதுசாரத்துக்கு அது இலகுவில் மசியாது. உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கவும் வல்லது. உலகின் பல கண் வைத்தியசாலைகளில் இந்நோய் பரவிய வழிகளைத் தேடியபோது அகப்பட்டவை கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் முனை, பலருக்கும் விட்ட ஒரே சொட்டுமருந்துப் போத்தல், தாதியரின் விரல்கள்.

கருவிமுனையை மதுசாரப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது போதாது. வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் அத்திரவமே கருவிழியைப் புண்ணாக்கும். போத்தலின் நுனி இமைமயிரில் பட்டால் அப்போத்தலை வேறு யாருக்கும் பாவிக்கக் கூடாது. கையுறை போட்டவர் அதே கையுறையோடு அடுத்தவரின் இமையைத் திறந்தால் வெறுங்கையைவிட மோசம்; வெறுங்கை என்றால் கழுவ வேண்டும் என்ற நினைப்பாவது வரும்.

படலையில் ஒரு கேள்வி

விலையுயர்ந்த கருவிகளைவிட, வாசலில் ஒருவர் நின்று “கண் சிவந்திருக்கோ, காய்ச்சல் இருக்கோ?” என்று கேட்பது பெரிய காவல் என்பேன். சிவந்த கண்ணோடு வந்தவரும் கண்புரை பார்க்க வந்த அப்புவும் ஒரே வாங்கில் இருந்தால், உள்ளே எவ்வளவு கழுவியும் பயனில்லை. கண்நோய்க்காரருக்கு விறாந்தையில் தனி இடம் வேண்டும்.

வரத் தேவையில்லாதவரை வரவிடாததும் காவல்தான். 2020 மார்ச்சில் தாவடியில் கொரோனா கண்டறியப்பட்டு ஊரடங்கு நீண்டபோது, நாடெங்கும் கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. கண் அழுத்தத்துக்குச் சொட்டுமருந்து விடுபவர்கள் அதை இடையில் நிறுத்தக்கூடாது என்பதால் அது பெரிய உதவி.

வைத்தியருக்கோ தாதிக்கோ கண் சிவந்தால் பத்து முதல் பதினான்கு நாள் வேலைக்கு வரக்கூடாது. ஆள் குறைந்த வைத்தியசாலைகளில் இதைக் கடைப்பிடிப்பது கடினம், இருந்தாலும் வேறு வழியில்லை.

வீட்டில்

பார்த்தாலே கண்நோய் தொற்றும் என்பது பொய். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத்தான் குறைக்கும். தொற்றுவது கையாலும், துவாயாலும், தலையணை உறையாலும். சீரணி அம்மன் திருவிழாச் சனத்துக்குள் கண்ணைக் கசக்கிய கையோடு பிள்ளையைத் தூக்குவதுபோல் எளிதான வழி வேறில்லை. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கண்ணில் விடவேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொய்ட் சொட்டு இன்னும் ஆபத்து: சிவப்பு குறையும், உள்ளே கண் அழுத்தம் ஏறலாம்.

கடும் நோவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் வைத்தியரிடம் போகவேண்டும். கண்வில்லை அணிபவர் முதலில் அதைக் கழற்றி, அதன் பெட்டியோடு கொண்டுபோவது நல்லது.