ஒப்புக்கு ஓர் ஊஞ்சல்

பைக் உள்ளே போகக் கூடாது, மாடு நுழையக் கூடாது. அதற்காகப் பூங்கா வாசலில் இரும்புக் குழாய்களை நெருக்கி நட்டு, ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விடுகிறோம். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். மாடு வெளியே நிற்கிறது, பைக் வெளியே நிற்கிறது. சக்கர நாற்காலியில் வந்த ஏழு வயதுப் பிள்ளையும் வெளியே நிற்கிறது. அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தெரு விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஓர் இடம் உண்டு. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவுட் ஆனாலும் ஜெயித்தாலும் கணக்கில் வராது. அழாமல் இருக்கட்டும் என்று கொடுக்கிற இடம் அது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு நம் நகரங்கள் இதுவரை கொடுத்திருப்பது ஏறக்குறைய அந்த இடம்தான்.

கடல் வரை ஒரு பாதை

சென்னைக் குழந்தைக்குக் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய விளையாட்டுத் திடல் மெரினா. ஆனால் அந்த மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் நாலடி போவதற்குள் புதைந்துவிடும். சின்ன வயதில் அப்பா தூக்கிக்கொண்டு போவார். பிள்ளை வளர்ந்த பிறகு அதுவும் முடியாது. முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டுப் பிறகு எடுத்துவிடுவார்கள்.

நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளி உரிமை அமைப்புகள் விடாமல் கேட்டன. 2022 நவம்பர் 27 அன்று, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். திறப்பு விழா ஒரு நாள் செய்தி. மேலே ஏறிய மணலைக் கூட்டுவதும் பெயர்ந்த பலகையை மாற்றுவதும் தினசரி வேலை. அந்த வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் பாதை கொஞ்ச நாளில் மணலுக்கடியில் போய்விடும்.

சேர்ந்து ஆட என்ன வேண்டும்?

பெங்களூரில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய ‘கிலிகிலி’ அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பூங்காவில் எல்லாக் குழந்தைகளும் ஆடும்படியான இடத்தை உருவாக்கியது. பின்னர் சென்னை மாநகராட்சியும் சாந்தோமில் அப்படி ஒரு பூங்காவை அமைத்தது.

இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ராட்டினம் தரையோடு தரையாக இருந்தால் சக்கர நாற்காலி நேராக ஏறும். ஊஞ்சலுக்கு முதுகுச் சாய்வும் வாரும் இருந்தால் உட்காரத் தள்ளாடும் பிள்ளையும் ஆடும். மணல் தொட்டியை மேஜை உயரத்துக்குத் தூக்கி வைத்தால் நாற்காலியில் இருந்தபடியே கோபுரம் கட்டலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூச்சல் தாங்காதபோது ஒதுங்க ஒரு மூலை வேண்டும். திடீரென்று ஓடினால் சாலைக்குப் போகாதபடி வேலி வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும். பல இடங்களில் இரண்டடி நீளச் சரிவைச் சிமென்ட்டில் பூசிவிட்டு ‘சாய்தளம்’ என்று கணக்கு எழுதுகிறார்கள். அதில் நாற்காலி ஏறாது, ஏறினால் கவிழும். கழிப்பறை இல்லை என்றால் அரை மணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. இந்தக் குழந்தைகளுக்கென்று தனிப் பூங்கா, தனி நேரம் என்று ஒதுக்கிவிட்டால் அது இன்னொரு சிறப்புப் பள்ளியாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்க வேண்டும், சண்டை போட வேண்டும், தோற்க வேண்டும். அவுட் என்றால் அவுட்.

ரப்பர் தரையில் மண் எங்கே?

புதிய பூங்காக்களில் தரை முழுவதும் ரப்பர், சுற்றிலும் பிளாஸ்டிக் நிறங்கள். சக்கரம் சுலபமாக ஓடும், விழுந்தால் அடிபடாது. சரிதான். ஆனால் புழுவும் சேறும் காய்ந்த சருகும் அங்கே இல்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் நாள் பள்ளி, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி என்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. தொட்டது எல்லாமே பயிற்சி. எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் மண்ணைக் கிளற அதற்கு எப்போது நேரம்?

லண்டனின் செல்சி பகுதியில் 1970-இல், ஹர்ட்வுட்டின் லேடி ஆலன் முன்னின்று, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான சாகச விளையாட்டுத் திடல் ஒன்று தொடங்கியது. இந்தக் குழந்தைகளுக்கும் கொஞ்சம் ஆபத்து, கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

நம் ஊரில் அது இன்னும் சுலபம். பார்வையில்லாத பிள்ளைக்கு மகிழம்பூ வாசனையே மரத்தைக் காட்டும். பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பி. தொட்டாச்சிணுங்கி, துளசி, வெட்டிவேர் எல்லாவற்றையும் இடுப்பு உயரத் திட்டில் நட்டால் நாற்காலியில் இருந்தே தொடலாம். கெட்டியான பாதை மரத்தடி வரை போக வேண்டும், அவ்வளவே. நம் வெயிலில் இரும்புச் சறுக்குமரம் கொதிக்கும் என்பதால், நிழல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை.

ஒன்று போதாது

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். மணலியில் இருக்கும் பிள்ளைக்குச் சாந்தோம் பூங்கா வெளியூர் மாதிரிதான். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1947 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில், கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை வடிவமைத்தார். காலி மனை, தெருமுனை என்று கிடைத்த இடமெல்லாம் திடலானது. நம்மிடமும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலங்கள் வார்டுப் பூங்காக்கள் ஆகலாம்.

சட்டமும் பக்கபலமாக நிற்கிறது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்னும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயத் தரம் வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உங்கள் வார்டுப் பூங்காவைப் புதுப்பிக்க அடுத்த டெண்டர் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்த டெண்டர் பட்டியலிலேயே அகலமான வாசல், சரியான சாய்தளம், வார் வைத்த ஊஞ்சல், ஒரு கழிப்பறை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். முன்பே எழுதினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். கட்டி முடித்த பிறகு இடித்துச் சேர்த்தால் இரண்டு முறை வரிப்பணம் போகும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையும் அதன் அம்மாவையும் கூப்பிடச் சொல்லுங்கள். எந்தக் குழாயைப் பிடுங்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.