வளரும் அணி

புத்தளக் கரையோரத்து உடப்பில், திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்கு வரும் அடியார்களின் பெயர்களைக் கணினியிற் பதிவதாகக் கொள்வோம். எத்தனை பேர் வருவர் என்று முன்கூட்டியே அறுதியிடல் இயலாது. அணி என்பதோ நினைவகத்தில் இடையறாது தொடர்ந்தமைந்த அறைகளின் வரிசை. அத்தொடர்ச்சியினாலேயே நூறாவது பெயரையும் ஒரே கணக்கில் எட்டலாம். ஆயினும், பத்து அறை கேட்டுப் பெற்றால் பதினோராம் அடியார்க்கு இடமில்லை. அடுத்த அறை பிறிதொன்றுக்கு உரியதாயிருக்கலாம்.

ஆதலின் வளரும் அணியானது வேறோரிடத்திற் பெரிய வரிசையொன்றைப் பெற்று, பழைய பெயர்களை அங்கே படியெடுத்த பின்னரே புதியதைச் சேர்க்கும். எவ்வளவு பெரிதாகப் பெறுவது என்பதே வினா. ஓரறையில் தொடங்கி, ஒவ்வோரறையாகவே கூட்டினால் ஆயிரம் பெயர்க்கு 499,500 முறை படியெடுக்க வேண்டும். நிறையுந்தோறும் இருமடங்காக்கினால் 1,023 முறை போதும். சிக்கனமெனத் தோன்றுவது இங்கே பெருஞ்செலவு!

1998இல் ஜாவா மொழியின் 1.2ஆம் பதிப்புடன் வந்த அரேலிஸ்ட் இன்று ஏறத்தாழப் பாதியளவு கூட்டியே வளர்கிறது: 10, 15, 22, 33 என்றவாறு. இருமடங்காக்குதலினும் வெற்றறைகள் குறையும்; படியெடுப்புச் சற்றே மிகும். வருவோர் தொகையை ஓரளவு மதிக்கக்கூடியவர் தொடக்கத்திலேயே அதற்கேற்ற இடம் கேட்டுவிடுதல் நன்று.

பெயரொன்றை நடுவிற் செருகுவதாயின் பின்னுள்ளவை யாவும் ஓரறை நகர்ந்தே தீரவேண்டும். அவ்வுழைப்பை இவ்வமைப்புத் தவிர்ப்பதில்லை.