ஆற்றுக் கல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர் கல்லாறு. வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி ஓடைகளில் ஒன்று இங்கே உருண்டு வழுவழுப்பான கற்களின் மேல் ஓடுகிறது. இப்படிப்பட்ட மலை ஆறுகளுக்கு வருகிறவர்கள் தட்டையான கற்களைத் தேடி எடுத்து, ஐந்தாறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வது உலகெங்கும் பரவிவிட்ட வழக்கம். சிலருக்கு அது விளையாட்டு. சிலருக்கு இறந்துபோன ஒருவரின் நினைவு. வந்துபோனதற்கு ஓர் அடையாளம் என்று நினைப்பவர்களும் உண்டு. கல்லைக் குவித்து நினைவை நிறுத்துவது நம் மண்ணின் மிகப் பழைய, மிக மதிக்கத்தக்க பழக்கங்களில் ஒன்று. அதனாலேயே அதை ஆற்றுப் படுகைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பேன். படுகையில் கிடக்கும் கல் சும்மா கிடக்கவில்லை.

முதலில் பழைய குவியல்களைப் பார்ப்போம். பாலை நில வழிகளில் இறந்தவர்களின் உடலைக் கற்களால் மூடிய மேடுகளைச் சங்க இலக்கியம் பதுக்கை என்கிறது. அகநானூற்றிலும் புறநானூற்றிலும் அவை வருகின்றன. வழிப்போக்கருக்கு அவை இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கும்: இங்கே ஒருவர் வீழ்ந்தார் என்பது ஒன்று, இந்த வழி ஆபத்தானது என்பது மற்றொன்று. நினைவுச் சின்னமும் வழிக்குறியும் ஒரே குவியலில் அடங்கியிருந்தன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் ஈமக்காட்டில், பெருங்கற்களை வட்டமாக நட்டு நடுவே சிறு கற்களைக் குவித்த கல்வட்டங்களைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்திருக்கிறார்கள். குவியலுக்கு அடியில் கற்பலகைகளால் ஆன அறை, அதற்குள் கறுப்பு சிவப்பு மட்கலன்கள், இரும்புக் கருவிகள், சூதுபவள மணிகள். நீலகிரியில் இத்தகைய கற்குவைகள் பெரும்பாலும் முகடுகளிலும் உச்சிகளிலும் இருக்கின்றன, தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி. 1870-களில் அம்மாவட்டத்தின் ஆணையர் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தார். இந்த மரபின் அடுத்த படியாக எழுத்துப் பொறித்த நடுகல் வந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்காக நடப்பட்டது.

இவற்றையெல்லாம் இணைப்பது ஒன்று: கல் நிலைத்து நிற்கும் இடத்தில் வைக்கப்பட்டது. காற்றும் மழையும் தண்ணீரும் கல்லைச் சரிக்கும், உருட்டும், பரப்பும். மேலே மேலே அடுக்காது. அதனால்தான் ஒரு சிறு குவியலைக் கண்டாலும் ‘இது மனிதக் கை’ என்று கண் உடனே கண்டுகொள்கிறது. குறி அரிதாக இருக்கும்வரைதான் அது குறி. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள அகேடியா தேசியப் பூங்காவில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் வகுத்த கல்குறிகள் இன்றும் மலைப் பாதையைக் காட்டுகின்றன. இரண்டு அடிக்கல், அவற்றின் குறுக்கே ஒரு நீள்கல், அதன்மேல் திசைகாட்டும் ஒரு சிறு கல், அவ்வளவுதான். பார்வையாளர்கள் பக்கத்தில் தங்கள் பங்குக்குக் குவியல் வைக்கத் தொடங்கியதும், மூடுபனியில் நடப்பவர் எதை நம்புவது என்ற கேள்வி எழுந்தது. கற்களைத் தொடாதீர்கள், புதிதாக அடுக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது.

குறி குழம்புவதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீருக்குள் இருக்கிறது. மலை ஆற்றின் படுகையில் பெரிய கற்கள் மேலேயும், சரளையும் மணலும் அவற்றுக்குக் கீழேயும் அமைந்திருக்கும். மேலே உள்ள கற்கள் கவசம். வேகமான நீர் அடியிலுள்ள மணலை அரித்துப் போகாமல் அவை தடுக்கின்றன. ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பிலும் பாசியும் நுண்ணுயிர்களும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதை மேய்ந்து வாழ்பவை மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்புழுக்கள். அவற்றைத் தின்று வாழ்பவை தட்டானின் இளம்புழுக்களும் கல்லை ஒட்டி வாழும் சிறு மீன்களும். கல்லை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினால் அந்தப் படலம் காய்ந்துவிடும், அதில் ஒட்டியிருந்த உயிர்கள் அங்கேயே செத்துவிடும். கல் இருந்த குழியில் மணல் திறந்து கிடக்கும்.

அந்த மணல்தான் கல்லாற்றில் முக்கியமானது. 1942-இல் ஜார்ஜ் மையர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் மைக்ரிக்சாலஸ் ஹெர்ரெய் என்ற தவளையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் மூல மாதிரி கிடைத்த இடம் இதே கல்லாறு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நடனத் தவளைகளில் இது ஒன்று. ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், ஆண் தவளை பின்னங்காலை நீட்டி விரித்து அசைத்து இணையை அழைக்கும், போட்டியாளரை விரட்டும். 2014-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ். டி. பிஜுவும் உடன் பணியாற்றியவர்களும் இக்குடும்பத்தில் 14 புதிய இனங்களை விவரித்தார்கள். பெண் தவளை ஆழமற்ற ஓடுநீரின் அடியில் பின்னங்கால்களால் குழி பறித்து, முட்டையிட்டு, சரளையால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வருபவை எங்கே போகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2016-இல் பேராதனை, டெல்லி பல்கலைக்கழகங்களையும் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். மைக்ரிக்சாலஸ் ஹெர்ரெய்யின் தலைப்பிரட்டைகள் ஓடைப் படுகையின் மணலுக்குள்ளேயே புதைந்து வாழ்கின்றன. விலாங்குபோல் நீண்ட உடல், தோல் மூடிய கண், பெரிய மணல்துகள் வாய்க்குள் போகாமல் தடுக்க உதவக்கூடிய ரம்பம் போன்ற தாடை விளிம்பு, மணலில் நெளிந்து செல்லத் தசைக்குப் பிடிமானம் தரும் விலா எலும்புகள். தவளை இனங்களில் விலா எலும்பு அரிது. கல்லாற்றின் பெயரோடு அறிவியலில் பதிந்துவிட்ட உயிர் ஒன்று, கற்களுக்கு அடியில் கண் மூடி வளர்கிறது.

ஒவ்வொரு மழைக்காலமும் ஆயிரக்கணக்கான கற்களை ஆறே புரட்டிப் போடுகிறதே, நாலு பேர் நாலு கல்லை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலைவெள்ளம் கல்லாற்றைப் புரட்டுவது உண்மை. ஆனால் வெள்ளம் அதன் காலத்தில் வருகிறது. அங்குள்ள உயிர்களின் வாழ்க்கைச் சுற்று அதற்கு ஏற்ப அமைந்தது. நடனத் தவளைகள் இனப்பெருக்கம் செய்வது பருவமழை ஓய்ந்த பின்பு. வெள்ளம் எடுத்த கல்லைப் படுகையிலேயே வேறோரிடத்தில் போடுகிறது, தண்ணீருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குவதில்லை. மனிதர்கள் வருவதோ நீர் வடிந்து கற்கள் வெளியே தெரியும் மாதங்களில், உயிர்கள் மிஞ்சிய நீரில் நெருக்கிக்கொண்டு இருக்கும்போது. அதிலும் சாலையிலிருந்து எளிதில் இறங்கக்கூடிய அதே சில இடங்களில், தளர்வாகக் கிடக்கும் தட்டையான கற்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். ஓர் அடுக்கைப் பார்த்தவர் இன்னொன்று வைப்பார் என்பதையும் கணக்கில் சேர்த்தால், ‘நாலு பேர்’ என்ற வாதம் நிற்காது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஆற்றுக் கல்லை நகர்த்துவதே சட்ட விரோதம். பெருங்கற்களுக்கு அடியில் கூடமைக்கும் ஹெல்பெண்டர் என்ற பெரிய சாலமாண்டர் அங்கே வாழ்வது அதற்கு ஒரு காரணம்.

நம்பிக்கை சார்ந்த மறுப்பும் உண்டு. தமிழ்நாட்டு மலைக்கோயில் பாதைகளில் சொந்த வீடு வேண்டி சிறு கற்களை அடுக்கி வைக்கும் பக்தர்கள் ஏராளம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வேண்டுதல் பாதையோரத்தில், உலர்ந்த தரையில் செய்யப்படுவது. தரையில் கிடக்கும் கல்லுக்கு அடியிலும் தேளும் அரணையும் இருக்கும், அதை மறுக்க முடியாது. எனினும் கால்பட்டுத் தேய்ந்த பாதையோரத்துச் சிறு கல்லும், ஓடும் நீரில் பாசி பிடித்து நிற்கும் கவசக் கல்லும் ஒரே எடை கொண்டவை அல்ல. கொடுமணலிலும் நீலகிரியிலும் குவித்தவர்களும் கல்லை உலர்ந்த நிலத்தில்தான் வைத்தார்கள். அடுத்த வெள்ளத்தில் சரிந்துவிடும் நினைவுச் சின்னத்தை அவர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கல்லாற்றிலிருந்து மீன்முட்டி அருவிக்குச் செல்லும் காட்டுவழியைக் கேரள வனத்துறை சூழல் சுற்றுலாவாக நடத்துகிறது. நுழைவிடத்திலேயே நடனத் தவளையின் தலைப்பிரட்டைப் படத்தோடு மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைத்தால் போதும், எதற்காகக் கல்லைத் தொடக்கூடாது என்பது வருபவர்களுக்குப் புரியும். தடை என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்தப் படம் அதிகம் சாதிக்கும். ஏற்கெனவே அடுக்கப்பட்ட கற்களைக் கண்டால், எடுத்த குழி பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மெதுவாக அதிலேயே வைக்கலாம். தெரியாவிட்டால் தண்ணீருக்குள் எறியாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். எறியப்படும் கல் மணலுக்குள் இருப்பவற்றை நசுக்கக்கூடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்ததும் அந்த அடுக்குகளை ஆறே இறக்கிவிடும்.