தும்மினால் சிறுநீர் கசிகிறதா? உடல் இளைத்தால் குணம் தெரியும்!

தும்மினால் உடை நனைந்துவிடுகிறது. வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு சொட்டு. படி ஏறினால் இன்னும் கொஞ்சம்.

இந்தத் தொல்லை கோடிக்கணக்கான பெண்களுக்கு இருக்கிறது. ஆண்களுக்கும் உண்டு. ஆனால், யாரும் வெளியே சொல்வது இல்லை. பஸ்சில் போகப் பயம். கல்யாண வீட்டில் உட்காரப் பயம். "வயதானால் இப்படித்தான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள்.

உடல் பருத்தவர்களுக்கு இது அதிகம். ஏன்?

தூளியும் அம்மிக்கல்லும்

இடுப்பு எலும்பின் அடியில், தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பையைத் தாங்குபவை இவைதான். சிறுநீர் வழியை இறுக்கி மூடுவதற்கும் இவை உதவுகின்றன.

தூளியில் குழந்தையைப் போடலாம். அம்மிக்கல்லைப் போட்டால்? துணி தொய்ந்துவிடும் அல்லவா?

வயிறு பெருத்தால் அப்படித்தான் நடக்கிறது. பாரம் இரவும் பகலும் கீழே அழுத்துகிறது. பிரசவங்களால் ஏற்கனவே தளர்ந்த தசை மேலும் தளர்கிறது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு...

மிகவும் பருத்தவர்களுக்கு உடல் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்கிறார்கள். இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள். சில ஆபரேஷனில், குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி வழியையும் மாற்றுகிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். உடல் மளமளவென்று இளைக்கும்.

அப்போது சிறுநீர்த் தொல்லை என்ன ஆகிறது?

அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளில் இதை ஆராய்ந்தார்கள். 2005-ம் ஆண்டு முதல் 2009 வரை ஆபரேஷனுக்கு வந்த 1,987 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 1,565 பேர் பெண்கள். முடிவு 2015-ல் வெளியாயிற்று.

ஆபரேஷனுக்கு முன்பு, 100 பெண்களில் 49 பேருக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கசிந்தது. ஆண்களில் 22 பேருக்கு.

ஓர் ஆண்டு சென்றது. 100 கிலோ இருந்த பெண் சுமார் 70 கிலோ ஆகிவிட்டார். கசிவு உள்ள பெண்கள் 49-ல் இருந்து 18 ஆகக் குறைந்தார்கள். ஆண்கள் 22-ல் இருந்து 10 ஆனார்கள்.

பாரம் இறங்கியது, தூளி நிமிர்ந்தது!

எல்லோருக்கும் குணமா?

இல்லை. 3 ஆண்டுகள் ஆனபோது, 18 ஆக இருந்த பெண்கள் மறுபடியும் 25 ஆனார்கள். ஆண்கள் 12 ஆனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாகக் கசிவு தொடங்கியவர்களும் உண்டு.

எடை அதிகம் குறைந்தவர்களுக்குக் குணமும் அதிகம். இளைத்த உடலைக் காப்பாற்றிக்கொள்வது அவசியம்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

ஆபரேஷன் ஆனவர்கள் ஒரேயடியாக ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க முடியாது. நாள் முழுவதும் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். அதனால் அடிக்கடி சிறுநீர் போக நேரிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

சிலர் கசிவுக்குப் பயந்து தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. உடலில் நீர் வற்றும். மயக்கம் வரும். சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம்.

குறைக்க வேண்டியது காபியும் டீயும்தான். மலச்சிக்கலையும் கவனியுங்கள். முக்கினால் அந்தத் தசைதான் தளரும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல், 1948-ல் ஒரு பயிற்சியை எழுதி வெளியிட்டார். செலவே இல்லாத பயிற்சி.

சிறுநீரை அடக்குவது போல் தசையை இறுக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். பிறகு தளர்த்தி ஐந்து எண்ணுங்கள். இப்படிப் பத்து முறை. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

ஆபரேஷன் இல்லாமல்?

கசிவுக்காக மட்டும் யாரும் இந்த ஆபரேஷனுக்குப் போக வேண்டியது இல்லை. கொஞ்சம் இளைத்தாலும் பலன் உண்டு.

2009-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆராய்ச்சியில் 338 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் உணவைக் குறைத்து, உடற்பயிற்சி செய்தார்கள். ஆறு மாதத்தில் 100 கிலோவுக்கு 8 கிலோ வீதம் இளைத்தார்கள். அவர்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அறிவுரை மட்டும் கேட்ட பிரிவினருக்குக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது.

உடனே டாக்டரிடம்!

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, கால் மரத்துப்போவது — இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

மற்றவர்களும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே, "எனக்கு இப்படி ஒரு தொல்லை இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

தலைவலியைச் சொல்ல நாம் வெட்கப்படுவது இல்லை. இதைச் சொல்ல மட்டும் வெட்கம் எதற்கு?