உள்ளங்கையில் ஒரு கரி அடுப்பு

அக்கா மகன் போனை என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான். திரையில் ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து. மொத்தம் இரண்டு கோடு. ஒன்று வலப்பக்கம் மடங்கிக் கொக்கி போட்டு நிற்கிறது, இன்னொன்று அதை வெட்டிக்கொண்டு இடப்பக்கம் சரிகிறது.

"இதுக்கு 'பலம்'னு அர்த்தம் மாமா. சனிக்கிழமை முன்கையில போட்டுக்கப் போறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லப்போவதில்லை. பச்சை குத்திக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் பாட்டி கையிலேயே இருந்தது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். "இதை உனக்குப் படிக்கத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதான் கீழே அர்த்தம் போட்டிருக்கே."

போட்டது யார் என்று கேட்டதற்குச் சிரித்தான். மாஸ்டரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன். இது ஒரு கிளாஸில் முடிகிற விஷயமில்லை.

2019 ஜனவரியில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் 'செவன் ரிங்ஸ்' பாட்டு வெளிவந்தது. ஏழு மோதிரங்கள். அந்த மாதமே அவர் பாட்டின் பெயரை ஜப்பானிய எழுத்தில் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டு, படத்தையும் வெளியிட்டார். ஜப்பான்காரர்கள் படித்துப் பார்த்தார்கள். 'ஷிச்சிரின்' என்று இருந்தது. மீனையும் இறைச்சியையும் வாட்டுகிற சின்னக் கரி அடுப்புக்கு அங்கே அதுதான் பெயர்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஜப்பானிய மொழியில் மோதிரத்தை 'யுபிவா' என்பார்கள். யுபி என்றால் விரல், வா என்றால் வளையம். ஏழு மோதிரங்கள் என்று முறையாக எழுத ஐந்து எழுத்து வேண்டும். உள்ளங்கையில் ஊசி படுவது உயிர் போகிற வலி. அவர் நடுவில் இருந்த மூன்றை விட்டுவிட்டார், அதில் விரலும் போய்விட்டது. மிஞ்சியவை 'ஏழு', 'வளையம்'. அகராதியைத் திறந்து தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஒட்டிப் படித்தால் அடுப்பு.

"அது எப்படி மாமா ஏழும் வளையமும் அடுப்பாகும்?"

நீ உட்கார்ந்திருப்பது எதன்மேல் என்று கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் குனிந்து பார்த்தான். நான்கும் காலும் சேர்ந்து நாற்காலி ஆகவில்லையா? நான்கு கால் பாய்ச்சலில் வரும் புலியை மனசில் வைத்துக்கொண்டு, வேற்றுநாட்டுக்காரர் ஒருவர் அகராதியில் நான்கையும் காலையும் தேடியெடுத்து, முதுகில் பெரிதாக 'நாற்காலி' என்று குத்திக்கொண்டு மெரினாவில் நடந்தால் நமக்கு எப்படி இருக்கும்? ஏழு காசுக்குக் கரி வாங்கினால் போதும், சமையல் முடிந்துவிடும் என்பதால் அந்த அடுப்புக்கு அப்படிப் பெயர் வந்தது என்று ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சொல் கெட்டிப்பட்டுவிட்டது. இப்போது அதைப் பிரித்தால் ஏழும் கிடைக்காது, வளையமும் கிடைக்காது.

அரியானா மறுபடி போய் 'விரல்' எழுத்தையும் குத்திக்கொண்டார். ஆனால் நடுவில் இடம் ஏது? விரல் அடுப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

இதில் எனக்குச் சிரிப்பைவிட யோசனைதான் அதிகம். உலகத்துப் பணமெல்லாம் கையில் இருந்தும் அவர் கண்ணுக்கு அந்தப் பிழை தட்டுப்படவில்லை. நமக்குத் தெரிந்த எழுத்தில் நாம் பார்ப்பது கோடுகளை அல்ல. சுவரொட்டியில் 'கல்வி'யில் புள்ளி விட்டுப்போய்க் 'கலவி' என்று இருந்தால், யோசிப்பதற்கு முன்பே கண் சிரித்துவிடும். தெரியாத எழுத்து வெறும் படம். படத்தில் ஒரு புள்ளி கூடினால் என்ன, குறைந்தால் என்ன, அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அங்கேயும் உயிர் புள்ளியில்தான் இருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்தில் 'பெரிய' என்பதற்குக் கையை விரித்துக் காலை அகட்டி நிற்கும் மனிதனைப் போல ஒரு வடிவம். அதன் வலது தோளுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் 'நாய்'. அதே புள்ளியைக் காலிடுக்கில் வைத்தால் 'பருமன்'. சரியான இடத்தில் ஒரு மச்சம் இருந்தால் போதும், பெரிய மனிதர் நாயாகிவிடுவார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. பழைய ஜப்பானில் குற்றவாளிகளுக்குப் பச்சை குத்துவது ஒரு தண்டனை. சில பகுதிகளில் நெற்றியில் குத்தினார்கள். முதல் குற்றத்துக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இன்னொன்று. தொடர்ந்து தப்புச் செய்தவன் நெற்றியில் கடைசியாக 'நாய்' என்ற எழுத்து முழுசாக நிறைந்து நிற்கும். அந்த வழக்கமெல்லாம் 19ஆம் நூற்றாண்டோடு போனது. பச்சை குத்தியவர்களை உள்ளே விடாத வெந்நீர்க் குளியலகங்கள் மட்டும் இன்றும் அங்கே உண்டு.

நம் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். இருந்தும் படித்தார்களே என்றால், எழுதியவருக்கும் படித்தவருக்கும் மொழி தெரியும். இல்லாத புள்ளியை மனசு வைத்துக்கொண்டது. ஊசி பிடிப்பவருக்கும் தெரியாது, கை நீட்டுபவருக்கும் தெரியாது என்றால் அந்தப் புள்ளியை யார் வைப்பது?

வடை வந்தது. இவன் அடுத்த கணையை எடுத்தான்: "சரி, அர்த்தம் வேணாம். பேரை மட்டும் எழுதினா தப்பு வராதுல்ல?"

பெயரில்தான் கூத்தே. மேற்கு நாடுகளின் பச்சைக் கடைகளில் ஓர் அட்டவணை ரொம்ப காலம் புழங்கியது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் எதிரே ஒவ்வொரு சீன எழுத்து. உன் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் பார்த்து, எதிரே உள்ளதைக் குத்திக்கொள்ள வேண்டியதுதான். சீனத்தில் அப்படி எழுத்துக்கு எழுத்து கிடையவே கிடையாது. அங்கே ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை, பொருளும் கூடவே வரும். நம் அரிச்சுவடியில் 'ர'வுக்கு ரம்பம், 'வி'க்கு விசிறி என்று படம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ரவி என்பவருக்கு 'ரம்பம் விசிறி' என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது. அதிலாவது ஒலி ஒட்டுகிறது, அந்த அட்டவணையில் அதுவும் இல்லை. மார்க்கீஸ் டேனியல்ஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் தன் பெயரின் முதலெழுத்துகள் என்று நம்பிக் குத்திக்கொண்டதைப் படித்தவர்கள் சொன்ன பொருள்: 'ஆரோக்கியம், பெண், கூரை.'

அவர் காலத்து இன்னொரு வீரர் ஷான் மேரியன். ஆட்டக்களத்தில் 'தி மேட்ரிக்ஸ்' என்று பட்டப்பெயர். அதை அவர் குத்திக்கொண்டது 'பேய், பறவை, பாச்சை உருண்டை' என்று ஆகிவிட்டதாகப் பத்திரிகைகள் கேலி செய்தன. எனக்கு மிகவும் பிடித்த பிழை இது, ஏனென்றால் இதில் உழைப்பு இருக்கிறது. ஜப்பானியர் வாயில் மேட்ரிக்ஸ் 'மாதொரிக்குசு' ஆகும். பேய்க்கான எழுத்தை 'மா' என்று படிக்கலாம். பறவை 'தொரி'. கற்பூர மரம் 'குசு'. பாச்சை உருண்டை என்றது அந்த மரத்தைத்தான். மா, தொரி, குசு. யாரோ உட்கார்ந்து கணக்காகக் கோத்திருக்கிறார். ஒலியைப் பிடித்தார், பொருள் கையை விட்டுப் போய்விட்டது. வெளிநாட்டுப் பெயரை எழுத ஜப்பானில் 'கத்தகானா' என்று தனி எழுத்து வரிசை இருப்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை போலும்.

"அப்ப கத்தகானாவுல 'பலம்'னே எழுதிடலாமே?"

எழுதலாம். ஆனால் நம் ர, ற, ல, ள, ழ அத்தனைக்கும் அங்கே ஒரே வரிசைதான். தமிழ் என்ற பெயரே அங்கே 'தமிரு'. மகரமெய்யில் சொல்லை முடிக்கவும் வழியில்லை, 'மு' என்று நீளும். எனவே பலம், பழம், பரம் மூன்றும் 'பரமு' என்கிற மாதிரி ஒரே எழுத்துகளில் போய் நிற்கும். கையில் இருப்பது வலிமையா வாழைப்பழமா என்று நீயே கூட நின்று சொல்ல வேண்டும்.

எல்லாக் கேலியும் நியாயமான கேலி இல்லை என்பதையும் இவனிடம் சொன்னேன். 2000இல் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் மனைவி விக்டோரியாவின் பெயரைத் தேவநாகரியில் முன்கையில் குத்திக்கொண்டார். 'வ'வோடு ஒரு 'ஹ' ஒட்டியிருந்தது. எழுத்துப்பிழை என்று உலகப் பத்திரிகைகள் சிரித்தன. இந்திக்காரருக்கு அது உறுத்தும், உண்மை. ஆனால் மராத்தியில் ஆங்கில 'வி' ஒலியை அப்படித்தான் எழுதுவார்கள். வீடியோ என்ற சொல்லுக்கும் அங்கே அந்த 'ஹ' உண்டு. பம்பாயில் போய்க் காட்டியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் 'யூரியூப்' என்று எழுதினால் மதுரைக்காரர் பிழை என்பார். அவர்கள் மரபில் அதுதான் முறை. எழுத்தைத் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது, எந்த ஊர்க்காரர் என்பதும் வேண்டியிருக்கிறது.

அரபி எழுத்தில் வேறு விதமான விபத்து. அங்கே எழுத்துகள் கைகோத்து நிற்கும். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியாக என்று ஒரே எழுத்து இடத்துக்கு இடம் உருவம் மாறும். வரி வலமிருந்து இடம் ஓடும். இதெல்லாம் தெரியாத வரைகலை மென்பொருளில் சொல்லை ஒட்டினால், கோத்த கைகள் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அதை அப்படியே நகலெடுத்துத் தோலில் ஏற்றியவர்கள் நிறையப் பேர். நமக்கு இது புதிதா? 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், நடுவே புள்ளிவட்டம் ஒன்று விழித்துக்கொண்டு நிற்கும் பெயர்ப்பலகைகளை நாமும் பார்த்திருக்கிறோம். பலகை என்றால் வெள்ளையடித்துவிடலாம்.

தோலில் அது முடியாது. மேல்தோல் தானாக உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும், ஊசி அதைத் தாண்டி உள்தோலில் மையை விடுகிறது. அங்கே காவல் செல்கள் அந்த மையை அந்நியப் பொருள் என்று விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாது. அந்தச் செல் செத்தால் மை வெளியே கொட்டும், பக்கத்துச் செல் எடுத்து விழுங்கும். எலிகளை வைத்து 2018இல் பிரான்சில் இதைக் கண்டறிந்தார்கள். ஆக, எழுத்துப்பிழையை நம் உடம்பே ஷிப்டு போட்டுக் காவல் காக்கிறது. லேசரில் மையைப் பொடிப்பொடியாக உடைத்தால்தான் மெல்ல வெளியேறும். அதற்கும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். இன்னொன்று, வருஷம் போகப் போகக் கோடு கசிந்து தடிக்கும். டிராகனுக்கான பழைய எழுத்தில் 16 கோடு. அதைக் கட்டைவிரல் நகம் அளவில் குத்தினால் பத்து வருஷத்தில் மைக்கறைதான் மிஞ்சும்.

பாட்டி கையில் இருந்த பச்சையும் அப்படித்தான் கசிந்திருந்தது. விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் குழைத்து, ஊருக்கு வந்த குறத்தி குத்தியது. முழங்கைக்குக் கீழே கோலம், அதற்குக் கீழே பாட்டியின் பெயர். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குத்தியவளுக்கும் தெரியாது. யாரோ ஒரு வாத்தியார் சிலேட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் குத்தினாளாம். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என் அம்மா. ஒருநாள் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, ளகரம் வர வேண்டிய இடத்தில் லகரம் இருக்கிறதே என்றாளாம். "இத்தனை வருஷமா அந்தப் பேருக்குத்தாண்டி நான் திரும்பிப் பாக்குறேன்" என்றாராம் பாட்டி. அவருக்கு அது சரிதான். அந்தக் கை அந்த ஊரை விட்டுப் போகவில்லை, எழுத்தைப் பார்த்து அவரை அடையாளம் காண வேண்டியவர் அங்கே யாரும் இல்லை.

இவன் கதை வேறு. வேலை பார்ப்பது ஒசாகா வாடிக்கையாளருக்கு. வாரத்தில் மூன்று நாள் கேமரா முன்னால் கை ஆட்டிப் பேசுகிறான். "சனிக்கிழமை போறதுக்கு முன்னாடி அங்க உனக்குப் பழக்கமானவங்க யாருக்காவது அனுப்பு. அர்த்தத்தைச் சொல்லிட்டு சரியான்னு கேட்காத. மரியாதைக்கு எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க. எதுவும் சொல்லாம, இதை எப்படிப் படிப்பீங்கன்னு மட்டும் கேளு. போன்ல இருக்கிற படத்தை அனுப்பாத. கடையில ஸ்டென்சில் எடுத்துக் கையில ஒட்டுவாங்க பாரு, அதைப் படம் எடுத்து அனுப்பு. தாளைத் திருப்பி ஒட்டினா எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி ஆயிடும்."

அந்த இரண்டு கோட்டு எழுத்தில் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை. நம் 'உ' மாதிரிதான் அது. 'உ' என்று தனியாக ஒன்றைக் கழுத்தில் குத்திக்கொண்டு ஒருவர் வந்தால், அது உயிரெழுத்தா, தமிழ் எண் இரண்டா, பிள்ளையார் சுழியா?

சனிக்கிழமை மத்தியானம் அழைத்தான். ஸ்டென்சில் படத்தை அனுப்பியிருக்கிறான், கடையில் காத்திருக்கிறான், பதில் வந்துவிட்டது.

"மாமா, அவர் திருப்பி என்னையே கேக்கறார். இது சீனத்துல இருந்து வந்த 'காஞ்சி' எழுத்துன்னா 'ச்சிகரா', பலம்தானாம். கத்தகானான்னா 'கா'வாம். ரெண்டும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்குமாம், எதுன்னு சொல்லுங்கன்றார்."

"'கா'ன்னா என்னவாம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மிஷின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"கொசு, மாமா."